39-க்கு 8, 43-க்கு 8: ஒரு நொறுங்கிய எஃப்.சி. ஜீப்பின் பல்வரிசை

போன வருஷம் ஐப்பசியில் 38,000 ரூபாய் கொடுத்து ஓடாத ஒரு வண்டியை வாங்கினேன். ஓடாதது மட்டுமல்ல, இனி ஓடவும் ஓடாது. வீட்டில் இதைச் சொன்னபோது கிடைத்த மரியாதையை இங்கே எழுதப் போவதில்லை. பழைய இரும்புக் கடைக்காரர் அதே வண்டிக்கு 32,000 சொல்லியிருந்தார். ஆறாயிரம் கூடக் கொடுத்து நான் வாங்கியது என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை.

வண்டி: மஹிந்திரா எஃப்.சி. 150, பிக்கப், பெட்ரோல், நாலு சக்கரமும் இழுக்கும் ரகம். ஆர்.சி. புத்தகத்தில் 1967 என்று இருக்கிறது. பதிவு எண் 'எம்' எழுத்தில் தொடங்குகிறது, அதாவது மெட்ராஸ் மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறுவதற்கு முந்தைய வரிசை. இருந்த இடம் கீழ்ப்பழனி மலையில் பண்ணைக்காடு பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டின் பின்புறம். 1991 மழையில் ஒரு சில்வர் ஓக் மரம் லோடு பாடி மேல் விழுந்து, பின்பக்கச் சேஸிஸ் இரண்டு பக்கமும் வளைந்துவிட்டது. அன்றிலிருந்து அது அங்கேயேதான் கிடந்தது. கேபின் மட்டும் தப்பித்தது. முக்கியமாக முன்கண்ணாடி தப்பித்தது.

கோயம்புத்தூரில் என் நண்பர் ஒருவர் இதே மாடல் வண்டி ஒன்றை நாலு வருஷமாகச் சரிசெய்து கொண்டிருக்கிறார். அவரிடம் நேரான சேஸிஸ் இருக்கிறது, கேபின் இருக்கிறது. முன்கண்ணாடி இல்லை, சிலிண்டர் ஹெட் விரிசல். எனவே கணக்கு எளிது: இந்த வண்டியைப் பிரித்து அந்த வண்டிக்குக் கொடுப்பது. எனக்குக் கூலி, பிரிக்கும்போது ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்து, எண் குறித்து, எங்கே எப்போது யார் செய்தது என்று பார்க்கும் வாய்ப்பு. படித்தது பி.இ. மெக்கானிக்கல். சோறு போடுவது சாஃப்ட்வேர். இருபது வருஷமாக ஸ்பேனர் பிடிக்காத குற்ற உணர்ச்சியும் கொஞ்சம் இருந்தது.

மூக்கில்லாத ஜீப்

எஃப்.சி. என்றால் ஃபார்வர்ட் கண்ட்ரோல். டிரைவர் இன்ஜினுக்குப் பின்னால் உட்காராமல், அதன் மேலேயே பக்கவாட்டில் உட்காருவார். இன்ஜின் இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஒரு இரும்புக் கூண்டுக்குள் இருக்கும். மலைக்குளிரில் சுகம், ஏப்ரலில் வத்தலக்குண்டில் இறங்கினால் நரகம்.

இந்த வடிவத்தை அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி 1956 கடைசியில் வெளியிட்டது. தோற்றத்தை வடிவமைத்தவர் மில்வாக்கியைச் சேர்ந்த புரூக்ஸ் ஸ்டீவன்ஸ். யோசனை கெட்டிக்காரத்தனமானது. சாதாரண சி.ஜே. 5 ஜீப்பின் 81 அங்குல வீல்பேஸை அப்படியே எடுத்துக்கொண்டு, மூக்கை வெட்டிவிட்டு, டிரைவரை முன்னால் தள்ளினார்கள். மிச்சமான நீளம் முழுக்கச் சரக்குக்கு. ஒரு சின்ன ஜீப்பின் சக்கர இடைவெளியில் ஆறடிக்கு மேல் லோடு பாடி கிடைத்தது. கொண்டை ஊசி வளைவில் திரும்பவும் செய்யும், மூட்டையும் ஏற்றும்.

விலை? எடை முழுக்க முன்னால் வந்துவிட்டது. காலி வண்டியில் இறக்கத்தில் பிரேக்கை அழுத்தினால் பின்பக்கம் லேசாகும். இதற்காக அமெரிக்காவில் தொழிற்சாலையிலேயே பின்னால் ஒரு எடைக்கட்டியைப் பொருத்தி அனுப்பினார்கள். சரக்கு ஏற்றுவதற்கென்றே செய்த வண்டிக்குக் காலியாக ஓடுவதற்காகப் பாரம் ஏற்ற வேண்டிய நிலை!

அமெரிக்காவில் இது பெரிதாக விற்கவில்லை. 1965-ல் நிறுத்துவதற்குள் மொத்தம் சுமார் 30,000 தான். ஆனால் அதே 1965-ல் இந்தியாவில் மஹிந்திரா எஃப்.சி. 150-ஐத் தயாரிக்கத் தொடங்கியது. அங்கே முடிந்த கதை இங்கே ஆரம்பம். நம் ஊர் ஆட்கள் இதை வேன், ஆம்புலன்ஸ், சரக்கு வண்டி என்று என்னென்னவோ ஆக்கினார்கள். பிக்கப்பாகவே மிஞ்சியது, அதுவும் பெட்ரோல் இன்ஜினோடு மிஞ்சியது, மிகக் குறைவு. 1973-க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏற ஏற, ஜீப் வைத்திருந்தவர்கள் டீசல் இன்ஜினை மாற்றிப் போட்டார்கள். மஹிந்திராவே 1975-ல் எஃப்.சி. 260 என்ற டீசல் வண்டியைக் கொண்டுவந்துவிட்டது.

எது அரிது, எது அரிதில்லை

பழைய வண்டி என்றால் இன்ஜின்தான் கிடைக்காது என்று நினைப்போம். எஃப்.சி.யில் தலைகீழ். இதில் இருப்பது எஃப்-134 என்ற ஹரிக்கேன் இன்ஜின், ஏறத்தாழ 2,200 சி.சி. நம் ஊர்த் தெருக்களில் ஓடிய மஹிந்திரா ஜீப், அதாவது சி.ஜே. 3 பி, அதிலும் இதே இன்ஜின்தான். பிஸ்டன், பேரிங், வால்வு எல்லாம் புதுப்பேட்டையிலோ உக்கடத்திலோ தேடினால் இன்றும் எங்கேயாவது ஒரு பரணில் இருக்கும்.

போர்க்கால ஜீப்பின் இன்ஜினில் இரண்டு வால்வுகளும் சிலிண்டர் பக்கவாட்டில் பிளாக்கில் இருந்தன. அதை உருவாக்கிய பார்னி ரூஸ், பிறகு காற்று உள்ளே வரும் வால்வை மட்டும் ஹெட்டுக்கு மேலே தூக்கினார். புகை வெளியேறும் வால்வு பிளாக்கிலேயே இருந்தது. 60 குதிரைசக்தி 75-ஆனது. இன்ஜின் உயரமும் கூடியது. மஹிந்திரா ஜீப்பின் பானெட் ஏன் அவ்வளவு உயரம் என்று சின்ன வயசில் யோசித்திருப்பீர்கள். இந்த இன்ஜினை மூடுவதற்காகத்தான்.

அப்படியானால் அரிது எது? எஃப்.சி.க்கு மட்டும் என்று செய்தவை. ஒரே துண்டாக வளைந்த அந்த அகலமான முன்கண்ணாடி. கேபினின் முன்தகடு. இன்ஜினை மூடும் கூண்டு. கேபினில் இருந்து பின்னால் இருக்கும் கியர்பாக்ஸ் வரை எட்டும் வளைந்த கியர் லீவர். இவற்றை வேறு எந்த ஜீப்பில் இருந்தும் எடுக்க முடியாது. சரக்கு வண்டியின் கதவுக் கைப்பிடியை யாரும் பரணில் சேர்த்து வைப்பதில்லை.

கண்ணாடியும் ஒளிந்திருந்த போல்ட்டும்

மலையில் இருந்து டாடா 407-ல் ஏற்றிக் கொண்டுவந்து, திண்டுக்கல் புறவழிச்சாலை ஓரம் ஒரு ஷெட்டில் இறக்கினோம். பிரிக்க உதவியவர் அறுபதைத் தாண்டிய ஒரு மெக்கானிக். வாரத்தில் ஒருநாள், சனிக்கிழமை மட்டும். ஐந்து மாதம் ஆனது.

முதல் வேலை கண்ணாடி. முப்பது வருஷ வெயிலில் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் கல்லாகிவிட்டது. பீடிங்கையும் காப்பாற்றலாம் என்று நான் ஆசைப்பட்டேன்.

"சார், ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. கண்ணாடி வேணுமா, ரப்பர் வேணுமா?" என்றார்.

கண்ணாடி என்றேன். வெளிப்பக்கம் இருந்து பீடிங்கின் உதட்டை பிளேடால் சுற்றிலும் அறுத்து எடுத்துவிட்டு, உள்ளே இருந்து இரண்டு பேர் உள்ளங்கையை விரித்து மெதுவாகத் தள்ளினோம். மூலையில் தள்ளக் கூடாது, நடுவில் தள்ளினால் வளைந்து வெடிக்கும். மேல் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. முக்கால் மணி நேரம். வெளியே பிடித்துக்கொண்டிருந்த பையன் மூச்சே விடவில்லை. முழுசாக வந்தது.

அடுத்தது சிலிண்டர் ஹெட். எல்லா நட்டையும் கழற்றியாகிவிட்டது, ஹெட் அசையவில்லை. துருப்பிடித்து ஒட்டியிருக்கும் என்று எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் விட்டோம். அடுத்த சனிக்கிழமையும் அசையவில்லை. நான் ஒரு கடப்பாரையை எடுத்து ஓரத்தில் செருகப் போனேன். மெக்கானிக் அண்ணன் டீ குடித்துவிட்டு வந்தவர் கையைப் பிடித்தார்.

"கார்புரேட்டரக் கழட்டுனீங்களா?"

"கழட்டி வச்சிருக்கேன் அண்ணே."

"அதுக்குள்ள பாத்தீங்களா?"

டார்ச் அடித்துப் பார்த்தேன். கார்புரேட்டர் உட்காரும் துளைக்குள்ளேயே, காற்றுப் பாதைக்கு நடுவில், கரி படிந்து ஒரு போல்ட் இருந்தது. எஃப்-ஹெட் இன்ஜினில் காற்றுப் பாதையும் ஹெட்டும் ஒரே வார்ப்பு. எனவே ஒரு ஹெட் போல்ட் அந்தப் பாதைக்குள்ளேயே இறங்குகிறது. இதை அறியாமல் நெம்பி ஹெட்டை உடைத்தவர்கள் உலகம் முழுக்க இருப்பார்கள் என்று தோன்றுகிறது. நான் இன்னும் இரண்டு நிமிஷத்தில் அந்தப் பட்டியலில் சேர்ந்திருப்பேன். எந்த ஹெட்டுக்காக 38,000 கொடுத்தேனோ அதையே! சாஃப்ட்வேரில் இதற்கு மறைந்த டிபெண்டென்சி என்று பெயர். அங்கே பழைய நிலைக்குத் திரும்ப ஒரு கட்டளை உண்டு. வார்ப்பிரும்பில் இல்லை.

வெளியே எடுத்து, சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்துப் பார்த்தோம். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடு தெரியும். தெரியவில்லை.

முத்திரைகளைப் படித்தல்

இனி என் பங்கு. ஒவ்வொரு பாகத்திலும் தயாரித்தவரின் பெயரோ குறியோ இருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்து, சாக்பீஸ் தடவினால் எழுத்து எழுந்து வரும். 140 பாகங்களுக்கு ஒரு அட்டவணை போட்டேன்.

அதில் ஒரு நாட்டின் தொழில் வரலாறு தெரிந்தது என்றால் மிகையில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

1945-ல் முகமது & மஹிந்திரா என்று இரும்பு வியாபாரத்துக்குத் தொடங்கிய கம்பெனி அது. கூட்டாளி குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போனபின், 1948-ல் மஹிந்திரா & மஹிந்திரா ஆனது. கே.சி. மஹிந்திரா போர்க் காலத்தில் வாஷிங்டனில் இந்தியக் கொள்முதல் குழுவின் தலைவராக இருந்தவர், அங்கேதான் பார்னி ரூஸைச் சந்தித்தார். 1947-ல் ஜீப்புகள் பிரித்த நிலையில் கப்பலில் வந்து இறங்கின. பம்பாய் மசகானில் அவற்றைப் பூட்டி ஓட்டினார்கள். அதாவது, முதலில் நாம் செய்தது பூட்டும் வேலை மட்டும்.

1953-ல் டாரிஃப் கமிஷன் அறிக்கையை ஒட்டி மத்திய அரசு ஒரு முடிவெடுத்தது. இங்கேயே படிப்படியாகப் பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் இல்லாதவர்கள், வெறுமனே பூட்டி விற்பவர்கள், தொடர முடியாது. இந்தியாவில் 1928-லிருந்து வண்டி பூட்டிக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1954-ல் கிளம்பியது. ஃபோர்டும் கிளம்பியது. மஹிந்திரா 1954-ல் வில்லிஸுடன் படிப்படித் தயாரிப்புக்கு ஒப்பந்தம் போட்டது.

ஆனால் ஒரு கம்பெனியே எல்லா பாகத்தையும் செய்ய முடியாது. யார் செய்தார்கள்? பதிலின் ஒரு பகுதி என் ஷெட்டில் கிடந்தது. பிஸ்டனில் இந்தியா பிஸ்டன்ஸ். 1949-ல் மெட்ராஸ் செம்பியத்தில் தொடங்கியது. சக்கர வட்டையில் வீல்ஸ் இந்தியா, 1960, பாடி. டைனமோவில் லூகாஸ்-டி.வி.எஸ்., 1961, அதுவும் பாடி. கார்புரேட்டர் சென்னையில் செய்த சோலெக்ஸ். அமெரிக்க வடிவமைப்பு, பம்பாய்த் தயாரிப்பு, ஆனால் உள்ளே மூன்று நாலு சென்னை முகவரிகள். வில்லிஸ் ஜீப்புக்கு அமெரிக்காவில் இருந்த கார்புரேட்டரும் மின்கருவிகளும் வேறு. இங்கே பிரிட்டிஷ் கம்பெனிகளின் உரிமத்தில் சென்னைக்காரர்கள் செய்ததை அதில் பொருத்தியிருக்கிறார்கள். படித்த வரலாற்றை விரலால் தடவிப் பார்ப்பது வேறு அனுபவம்.

இந்த உற்சாகத்தில்தான் நான் தவறு செய்தேன்.

பல் கணக்கு

முன் அச்சையும் பின் அச்சையும் திறந்து கிரவுன்-பினியன் பற்களை எண்ணினேன். பின்னால் கிரவுனில் 43 பல், பினியனில் 8. விகிதம் 5.375. எஃப்.சி. 150-க்குச் சரியான எண், குறிப்பேடுகளில் 5.38 என்று இருக்கும். முன்னால் 39 பல், பினியனில் 8. விகிதம் 4.875.

இரண்டு முறை எண்ணினேன். கிரவுனின் ஓரத்தில் எண்ணே பொறித்திருந்தது. 39, 8.

இது ஏன் விசித்திரம் என்று விளக்க வேண்டும். இந்த மாதிரி ஜீப்பில் ஃபோர்வீல் போட்டால், டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் இறுகப் பூட்டிவிடும். இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். அச்சு விகிதம் வேறு வேறாக இருந்தால், பின் சக்கரம் 100 சுற்று சுற்றும் நேரத்தில் முன் சக்கரம் 110 சுற்று சுற்றப் பார்க்கும். தார் ரோட்டில் சக்கரம் வழுக்க இடமில்லை. எனவே ஷாஃப்டும் கியரும் முறுக்கேறி, கடைசியில் எதாவது ஒன்று தெறிக்கும். எந்தத் தொழிற்சாலையும் தெரிந்து இப்படி வண்டி செய்யாது.

நான் ஒரு கதை கட்டினேன். 1967-ல் இங்கே கிரவுன்-பினியன் தட்டுப்பாடு. பழைய இருப்பில் இருந்த 4.88 பல்சக்கரங்களைத் தொழிற்சாலையிலேயே எடுத்து முன் அச்சில் போட்டுவிட்டார்கள். அந்நியச் செலாவணி நெருக்கடி, 1966 ரூபாய் மதிப்புக் குறைப்பு, இறக்குமதிக் கட்டுப்பாடு எல்லாம் சேர்த்துப் பின்னினால் நன்றாகவே நின்றது. "படிப்படித் தயாரிப்பின் பல்லிடுக்கு" என்று தலைப்பெல்லாம் வைத்து ஆறு பக்கம் எழுதிவிட்டேன். பதிவேற்றவில்லை. ஒரு விஷயம் உறுத்தியது.

முன் அச்சு மூடியின் போல்ட்டுகளில் ஆறின் தலையில், சாய்ந்த கையெழுத்து வடிவில் ஆங்கில 'எஃப்' எழுத்து இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜீப்பை வில்லிஸ் மட்டும் செய்யவில்லை. அமெரிக்க ராணுவம் ஃபோர்டிடமும் கொடுத்தது. வில்லிஸ் சுமார் மூன்றரை லட்சம், ஃபோர்டு ஏறத்தாழ 2.8 லட்சம். தான் செய்த பாகங்களில், போல்ட் தலை உட்பட, ஃபோர்டு தன் 'எஃப்' எழுத்தைப் பொறித்தது. போர்க்கால ஜீப்பின் அச்சு விகிதம்? 4.88. முப்பத்தொன்பதுக்கு எட்டு.

வில்லிஸ் உரிமத்தில் 1967-ல் செய்த வண்டிக்குள் 1940-களின் ஃபோர்டு போல்ட் எப்படி வந்தது? என் ஆறு பக்கக் கட்டுரையில் இதற்குப் பதில் இல்லை.

டிரைவர் ஐயா

எஸ்டேட்காரர் ஃபோன் செய்து, அந்த வண்டியை ஓட்டிய டிரைவர் இன்னும் இருக்கிறார், வத்தலக்குண்டில் மகள் வீட்டில், வண்டியைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்றார். எனக்குத் தயக்கம். வாங்கும்போது எஸ்டேட்டில் யாரோ "சரி பண்ணப் போறீங்களா?" என்று கேட்டதற்கு, "ஆமா, அந்த வேலைக்குத்தான்" என்று வழவழவென்று சொல்லி வைத்திருந்தேன். பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. அந்தச் செய்தி அவருக்குப் போயிருந்தது.

ஒரு சனிக்கிழமை பேரனோடு பைக்கில் வந்தார். எண்பதை நெருங்கும் வயசு, வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. ஷெட்டுக்குள் வந்தவர் ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. வண்டி என்று ஒன்று அங்கே இல்லை. வரிசையாகத் தார்பாயில் பாகங்கள், ஒவ்வொன்றிலும் என் எண் அட்டை.

"திரும்ப ஓடுமா தம்பி?"

"இல்லைங்கய்யா. சேஸிஸ் வளைஞ்சிருச்சு. இதுல நல்லா இருக்கறத எடுத்து, கோயம்புத்தூர்ல இன்னொரு வண்டிக்குப் போடறோம். அது ஓடும்."

தலையை ஆட்டினார். "முன்னாடியே சொல்லிருக்கலாம்ல" என்றார். சொல்லியிருக்கலாம். பேரனும் என்னைப் பார்த்த பார்வையில் அதுதான் இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். ஸ்டூலில் உட்கார்ந்து டீ வாங்கிக்கொண்டார்.

1969-ல் கிளீனராகச் சேர்ந்திருக்கிறார். பிறகு டிரைவர். காப்பி கொஞ்சம், ஆரஞ்சு கொஞ்சம், ஆனால் பெரும்பாலும் மலை வாழைக்காய். விருப்பாட்சித் தார்களை அடுக்கி விடிவதற்குள் வத்தலக்குண்டில் இறக்க வேண்டும். எழுபதுகளில் முடிக்கொத்து நோய் வந்து அந்த மலையின் வாழையை அழித்தது வேளாண்மைக்காரர்கள் எழுதிவைத்த வரலாறு. அவர் அதை லோடு கணக்கில் சொன்னார். "தெனம் போன லோடு வாரத்துக்கு ரெண்டாச்சு. அப்புறம் ஒண்ணு. அப்புறம் மிளகு, காப்பின்னு சும்மா பேருக்கு."

நான் முன் அச்சைக் காட்டினேன். போல்ட்டைக் காட்டினேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"அது மதுரையில வாங்குனது. டிஸ்போசல் ஜீப்பு சாமான். எழுபத்தெட்டுல முன் கிரவுன் பல்லு போயிருச்சு. பம்பாய்ல இருந்து வரணும், மூணு மாசம் ஆகும்னாங்க. வாழத்தாரு மூணு மாசம் நிக்குமா?"

"பல்லுப் போனா ஃபோர்வீல் போடாம ஓட்டியிருக்கலாமேங்கய்யா?"

"போடாட்டியும் சக்கரத்தோட சேந்து உள்ள சுத்தும்ல. ஒடஞ்ச துண்டு எங்கயாச்சும் சிக்கி, எறக்கத்துல சக்கரம் பிடிச்சிருச்சுன்னா? பள்ளத்துலதான் தேடணும்."

சரிதான். இந்த வண்டியில் முன் சக்கரத்தை அச்சில் இருந்து விடுவிக்கும் ஹப் கிடையாது. ஃபோர்வீல் போடாவிட்டாலும் கிரவுன் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். மெக்கானிக்கல் பி.இ.க்குத் தோன்றியிருக்க வேண்டியது.

"மாட்டுன அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு, இது சோடி இல்லன்னு. ஃபோர்வீல் போட்டா ஸ்டியரிங்கு கையப் புடுங்கும், வண்டி முக்கும். சேத்துல மட்டும் போடுவேன். தார் ரோட்டுக்கு வந்தா எறங்கிப் பாத்து எடுத்து விட்டுருவேன். பதிமூணு வருசம் அப்படித்தான்."

அவ்வளவுதான். சேற்றில் சக்கரம் வழுக்கும், அந்தப் பத்து சதவீத வித்தியாசம் சேற்றோடு போய்விடும். என் தட்டுப்பாட்டுக் கோட்பாடு, மதிப்புக் குறைப்பு, ஆறு பக்கம், எல்லாம் ஒரு டீ நேரத்தில் முடிந்தது.

பள்ளமும் அடுக்கும்

தொல்லியலில் அடுக்குகள் பற்றிச் சொல்வார்கள். கீழே இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. ஆனால் பின்னால் வந்தவர் ஒரு குழி தோண்டியிருந்தால், பொருள்கள் இடம் மாறிவிடும். குழியைக் கவனிக்காத ஆய்வாளர் காலத்தைத் தப்பாகச் சொல்வார். என் வண்டியில் அந்தக் குழி 1978-ல் மதுரையில் தோண்டப்பட்டது. போர் முடிந்து ஏலத்தில் போன ஜீப்பில் இருந்த பல்சக்கரம், முப்பது வருஷம் கழித்து, 1967-ஆம் வருஷத்து வண்டிக்குள் போனது. பாகத்தின் வயசு ஒன்று, வண்டியின் வயசு ஒன்று, பாகம் வண்டிக்குள் வந்த நாள் இன்னொன்று.

அப்படியானால் என் அட்டவணையின் மற்ற வரிகள்? சென்னை டைனமோ தொழிற்சாலையில் இருந்தே வந்ததா, பிறகு மாற்றியதா? அவரிடம் 140 வரியையும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். பிஸ்டன் 1974-ல் இன்ஜின் பிரித்தபோது மாற்றியது. டைனமோ, கார்புரேட்டர் அவர் சேர்ந்த நாளில் இருந்தே அதுதான். வட்டைகளில் ஒன்று மட்டும் வேறு. இப்படி 31 பாகங்களுக்கு அவர் நினைவில் பதில் இருந்தது. அட்டவணையில் "யார் செய்தது" என்ற பத்திக்குப் பக்கத்தில், "யார் சொன்னது" என்று புதிதாக ஒரு பத்தி சேர்த்தேன். முன்பே இருந்திருக்க வேண்டிய பத்தி.

ஒன்றையும் கவனித்தேன். என் கோட்பாட்டில் தட்டுப்பாடு இருந்தது சரிதான், இடம்தான் தப்பு. தட்டுப்பாடு தொழிற்சாலையில் இல்லை, மலையில் இருந்தது. மூன்று மாதம் காத்திருக்க முடியாத வாழைத்தார் அந்தத் தட்டுப்பாட்டின் அளவுகோல். அதை எந்த முத்திரையும் சொல்லாது.

மிச்சம்

கண்ணாடி, ஹெட், கியர் லீவர், இன்ஜின் கூண்டு, டிரான்ஸ்ஃபர் கேஸ், பின் அச்சு எல்லாம் கோயம்புத்தூர் போய்விட்டன. கண்ணாடிக்குப் புது பீடிங் கிடைத்துப் பொருத்தியாகிவிட்டது. நண்பர் முதல்முறை இன்ஜினை ஸ்டார்ட் செய்த வீடியோவை அனுப்பினார். டிரைவர் ஐயாவின் பேரனுக்கு அதை அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது, பதில் இன்னும் வரவில்லை.

இப்படி வண்டி வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2021-ல் தனி விண்டேஜ் பதிவு முறை வந்தது. ஆனால் அது சொந்த உபயோக வண்டிக்கு, அதுவும் சேஸிஸ், பாடி, இன்ஜின் மாற்றம் இல்லாமல் இருப்பதற்கு. சேஸிஸ் வளைந்த சரக்கு வண்டிக்கு அந்த வழி இல்லை. பிரிப்பது என்று முடிவானால், மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவின்படி பதிவை ரத்து செய்ய ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். வண்டி அழிந்த 14 நாட்களுக்குள், அல்லது முடிந்தவரை சீக்கிரம் என்கிறது சட்டம். எங்கள் வண்டிக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது அந்த எண் இல்லை. சேஸிஸை மட்டும் பழைய இரும்புக்குப் போட்டேன்.

அன்றைக்கு டிரைவர் ஐயா கிளம்பும்போது, எதாவது ஒரு பாகம் ஞாபகத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். பைக்கில் ஏறி உட்கார்ந்த பிறகு திரும்பிச் சொன்னார்:

"தம்பி, அந்த முன் கிரவுனு மட்டும் அந்த வண்டிக்குப் போட்டுறாதீங்க. சோடியா வாங்கிப் போடச் சொல்லுங்க."

அதை நண்பரிடம் சொல்லியாகிவிட்டது. 39-க்கு 8 இப்போது என் மேஜைக்குக் கீழே ஒரு சாக்கில் இருக்கிறது. அட்டை எண் 87. "எங்கே செய்தது: அமெரிக்கா, 1940-கள். எங்கே வாங்கியது: மதுரை, 1978. யார் சொன்னது: ஓட்டியவர்."